இடது கைத் தையல்

ஃபரங்கிஸ் வீட்டில் தொலைபேசிக்குப் பாவாடை உண்டு என்பது ஈரானின் ஹமதான் நகரில் அந்தத் தெரு முழுவதற்கும் தெரியும். ரோஜா நிற சாட்டின் துணியில் மூன்று அடுக்குச் சுருக்கம் வைத்துத் தைத்தது. தேநீர்க் கெண்டிக்குக் குல்லா, எரிவாயு உருளைக்கு அங்கி, கண்ணாடிக்கு ஓரத்தில் பூ வைத்த திரை. பட்டாணி, துவரை, உலர்ந்த எலுமிச்சை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கணவர் ரஹ்மத் வாசலிலேயே எச்சரித்துவிடுவார்.

"உள்ள வாங்க, உட்காருங்க. ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு மேல அசையாம மட்டும் இருந்துடாதீங்க. அளவெடுத்து உங்களுக்கும் ஒரு உறை தைச்சு மாட்டிடுவா."

ஃபரங்கிஸ் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. அவளுடைய அப்பா கடைவீதியில் பஞ்சுப் போர்வை தைத்துப் பிழைத்தவர். பிள்ளைகள் ஐந்து பேரில் அந்தக் கை அவளுக்கு மட்டும்தான் வந்தது. காலையில் சுகாதார நிலையத்தில் பெயர்ப் பதிவு மேசையில் உட்காருவாள். மதியத்துக்குமேல் வீட்டில் ஊசியோடு உட்காருவாள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டதே இல்லை. "என் தையல்ல எங்கயாவது ஒரு கோணல் காட்டுங்க, அன்னிக்கே ஊசியைக் கீழ வச்சுடறேன்" என்று வெளிப்படையாகவே சொல்வாள். சிலர் காட்டப் பார்த்தார்கள். யாராலும் முடியவில்லை.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. முதல் கணவர் மாரடைப்பில் போனபோது மகள் நிகாருக்கு இரண்டு வயது. அடுத்த ஏழு வருஷம் தனியாகவே இருந்தாள். போன வசந்தத்தில்தான் ரஹ்மத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் பந்தர் அப்பாஸ் வரை போகும் பேருந்தின் ஓட்டுநர். வாரத்தில் நாலு நாள் சாலையில், மிச்சம் வீட்டில். அவருடைய மனைவி முனீரே இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர்களுக்கு ஒரே மகள் லாலே, பதினைந்து வயது. நிகாரையும் ஒரு தையல் மெஷினையும் இரண்டு மூட்டை வெட்டுத் துணியையும் கூட்டிக்கொண்டு ஃபரங்கிஸ் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

லாலே மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தேநீர் ஊத்தட்டுமா, ஃபரங்கிஸ் கானும்?" "நன்றி, ஃபரங்கிஸ் கானும்." கானும் என்றால் அம்மணி. சுகாதார நிலைய ஜன்னலில் நின்று சீட்டு வாங்குகிறவர்கள் பேசுகிற அதே குரல். கோடைகாலம் முழுவதும் அப்படியே ஓடியது. ஆளுக்கொரு மூலை இருந்தது, ஒருவரையொருவர் இடிக்காமல் நடந்தார்கள்.

ஃபரங்கிஸ் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தாள். கூடத்தின் நடுவில் கோர்சி போட்டாக வேண்டும் அல்லவா? முழங்கால் உயர மேசை, அதன் அடியில் மின்கணப்பு, மேலே நாலு பக்கமும் தரையில் புரளும்படி ஒரே பெரிய பஞ்சுப் போர்வை. அதற்குள் காலை நீட்டிக்கொண்டு பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு, படிப்பு, வம்பு, தூக்கம் எல்லாம் அங்கேதான். ஒரே போர்வைக்குள் கால் வைத்தவர்கள் எத்தனை நாள் "நன்றி கானும்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

அல்வந்து மலையில் முதல் பனி தெரிந்த அன்று ரஹ்மத் பரணிலிருந்து கோர்சிப் போர்வையை இறக்கி வைத்தார். மாதுளை நிற சாட்டின். நடுவில் சூரியன், நாலு மூலையிலும் ஒவ்வொரு மாங்காய், எல்லாம் மஞ்சள் நூலில் கைத்தையல்.

"முனீரே தைச்சது" என்றார். மறுநாள் காலை பேருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்புவது வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை மதியம் வேலையிலிருந்து வந்த ஃபரங்கிஸ் போர்வையைத் தடவிப் பார்த்தாள். பஞ்சு கட்டிகட்டியாக உருண்டு கிடந்தது. இடையிடையே ஒன்றுமே இல்லாமல் இரண்டு துணியும் ஒட்டிக்கொண்டிருந்தன. வருஷக்கணக்காக யாரும் பிரிக்கவில்லை என்று விரல்களே சொல்லிவிட்டன. மூன்று குளிர்காலம் பிரிக்காத போர்வைமேல் அவளுடைய அப்பா உட்காரக்கூட மாட்டார். போதாததற்கு, ஒரு பக்கம் குட்டையாக வேறு இருந்தது. அந்த வீட்டில் இதுவரை மூன்று பேருக்கு மேல் இருந்ததில்லை. கோர்சியின் நாலாவது பக்கத்தைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தார்கள். இப்போது நாலு பக்கத்துக்கும் ஆள் இருந்தது.

தையலைப் பிரித்துப் பஞ்சை வில்லால் அடித்துக் கொட்டக் கொடுப்பது, துணிகளை அலசுவது, சுற்றிலும் நாற்பது துண்டுத் துணிகளை ஒட்டி ஒரு சாண் கரை சேர்த்துப் புதிதாகத் தைத்துவிடுவது என்று கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை ரஹ்மத் வரும்போது கோர்சி தயாராக இருக்கும். லாலே பார்த்துவிட்டு அசந்துபோவாள். யாரையும் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குளிர்காலத்துக்கு முன் போர்வையைப் பிரிப்பதற்கு யார் யாரைக் கேட்கிறார்கள்? எச்சில் தட்டைக் கழுவுவதற்கு அனுமதி வாங்குவதைப் போல அல்லவா அது.

இரண்டு மணி நேரத்தில் தையல் முழுவதையும் பிரித்துப்போட்டாள். பஞ்சு கொட்டும் உஸ்தா கரம் சைக்கிளில் வந்து மூட்டையை வாங்கிப் போனார். அடித்துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். சாட்டினைப் பச்சைத்தண்ணீரில் அலசி முற்றத்துக் கொடியில் விரித்தாள். மூன்றரை மணிக்கு லாலே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் கொடிக்கு எதிரில் நின்றாள்.

"இது என்ன?"

"நம்ம கோர்சிப் போர்வைதான். பஞ்செல்லாம் கட்டிகட்டியா கிடந்துச்சு. அதான்..."

"தையல் எங்க?"

"பிரிச்சுட்டேன். பஞ்சைக் கொட்டி வாங்கினதும் புதுசா..."

"எங்கம்மா போட்ட தையல் எங்கன்னு கேக்கறேன்."

ஃபரங்கிஸின் கண் தன்னையறியாமல் குப்பைத்தொட்டிப் பக்கம் போனது. லாலே தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள். உருளைக்கிழங்குத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவில் மஞ்சள் நூல் பந்தாய்ச் சுருண்டு கிடந்தது. உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக எடுத்தாள், சக்கையை ஊதினாள், உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஃபரங்கிஸ் பக்கத்தில் போயிருப்பாள்.

"லாலே, எனக்குத் தெரியாதும்மா..."

"அம்மா துணியெல்லாம் தானம் பண்ணியாச்சு. போட்டோல அம்மா முகம் இருக்கு. கை இதுல மட்டும்தான் இருந்துச்சு." எழுந்தாள். "நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன். மலாயர்லயே படிச்சுக்கறேன்."

கூடத்தில் தொலைபேசியின் பாவாடையைத் தூக்கி எண்களைச் சுழற்றும் சத்தம் கேட்டது. பெரியம்மா என்றால் முனீரேயின் அக்கா இஷ்ரத். மலாயரில் பள்ளித் தலைமை ஆசிரியை. லாலே தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். பிறகு ரிசீவரை ஃபரங்கிஸிடம் நீட்டினாள்.

"கானும்" என்றது அந்தப் பக்கத்துக் குரல், "உங்களுக்குக் கை அரிச்சா நீங்க கொண்டுவந்த போர்வையைப் பிரிச்சிருக்கலாமே? எங்க வீட்டுப் பொண்ணோட போர்வைதான் கிடைச்சுதா?"

"இஷ்ரத் கானும், நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதைத்தான் அந்தப் பொண்ணு குப்பைத்தொட்டியில பொறுக்கிட்டு இருந்தாளாமே. வெள்ளிக்கிழமை மதியம் வரேன். அவ துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் வழியில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ரஹ்மத் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டார். "பின்னாடி நாற்பது பேர் உட்கார்ந்து ஹாரன் அடிக்கறாங்கம்மா. வெள்ளிக்கிழமை வந்து பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார். ஹாரன் ஓட்டுநரிடம்தானே இருக்கும் என்று நிகார் கேட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் ஃபரங்கிஸ் சாட்டினைக் கொடியிலிருந்து எடுத்தாள். நடந்தது நடந்துவிட்டது, இனி தைப்பதையாவது ஊரே பார்க்கும்படி தைத்துவிட வேண்டும் என்று இருந்தாள். இஸ்திரிப் பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது. சுருக்கம் எங்கே அதிகம் என்று பார்க்கத் துணியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

துணிக்குள் சூரியன் இருந்தது.

ஊசி போன ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் புள்ளியாய் நின்றது. நடுவில் வட்டம், வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள், மூலைகளில் மாங்காய்கள். பதினொரு வருஷமாக இழுத்துப் பிடித்த தையல், ஓர் அலசலுக்குள் ஓட்டை மூடிவிடவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தாள். நூல் மூடியிருந்த இடங்களில் சாட்டின் வெளுக்கவில்லை. இரண்டு ஓட்டைக்கு நடுவில் அரிசியளவுக்கு ஒரு கருஞ்சிவப்புக் கோடு. ஒவ்வொரு தையலும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது துணியில் அப்படியே எழுதியிருந்தது. இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை இழுத்திருந்தால் ஓட்டை முழுவதும் மூடியிருக்கும்.

அவள் பெட்டியின் செருகியைப் பிடுங்கினாள். பிறகு சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசி செய்து வியாழன் வரை விடுப்பு கேட்டாள்.

"கல்யாணமா, சாவா?" என்று கேட்டார் கணக்கர்.

"போர்வை."

"அதுக்கு எந்த ஃபாரம்னு எனக்குத் தெரியலையே, கானும்."

"சாவு ஃபாரத்துலயே போட்டுடுங்க" என்றாள்.

செவ்வாய் மதியம் உஸ்தா கரம் கொட்டிய பஞ்சைக் கொண்டுவந்து சேர்த்தார். போனபோது கல்லாய் இருந்த மூட்டை திரும்பும்போது வாசற்கதவில் நுழையவில்லை. அடித்துணியைக் கூடத்தில் விரித்து, பஞ்சைச் சமமாகப் பரப்பி, சாட்டினை மேலே போட்டு நாலு ஓரமும் ஓட்டித் தைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கருஞ்சிவப்புக் கோடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. பகலில் மட்டும்தான் தைக்க முடியும் என்று தெரிந்துகொண்டாள். மிச்சம் இரண்டு பகல் இருந்தது.

புதன்கிழமை வெளிச்சம் வந்ததும் அங்குஸ்தானை விரலில் மாட்டிக்கொண்டு சூரியனில் தொடங்கினாள். முனீரேயின் ஓட்டைக்குள் ஊசியை இறக்கினாள். அது அடுத்த ஓட்டையில் ஏறவில்லை, ஒரு நூலளவு தள்ளி ஏறியது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடியும் தள்ளியே ஏறியது. பத்துத் தையல் போட்டுப் பத்தையும் பிரித்தாள். இருபத்தைந்து வருஷமாக எங்கே நினைத்தாளோ அங்கே ஏறிய ஊசி, இன்று அவள் பேச்சைக் கேட்கவில்லை. துணியின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தாள். அவளுடைய தையல் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது, அந்தத் தடங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தன.

மாலையில் லாலே தன் அறையில் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஃபரங்கிஸ் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"உங்கம்மாவுக்கு இடது கைப் பழக்கமா?"

உள்ளே சத்தம் நின்றது.

"யார் சொன்னா?"

"துணி சொல்லுது."

"ஸ்கூல்ல அடிச்சு அடிச்சு மாத்தினாங்களாம். எழுதறதை மட்டும்தான் மாத்திக்கிட்டாங்க" என்றாள்.

ஆனால் ஃபரங்கிஸ் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. நண்பகலிலேயே அங்குஸ்தானைக் கை மாற்றிவிட்டாள். இடது கை புது வீட்டுக்கு வந்த மருமகளைப்போல எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியது. ஊசி கட்டைவிரலில் ஏறியது, ஆள்காட்டி விரலில் ஏறியது, நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டது. ஆனாலும் ஏறவேண்டிய ஓட்டையில் ஏறியது. பள்ளியிலிருந்து வந்த நிகார் குனிந்து பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள்.

"அம்மா! நான் தைச்ச மாதிரியே இருக்கு!"

கையில் ஏறிய ஊசி எதுவும் ஃபரங்கிஸுக்கு அந்தச் சொல் அளவுக்கு வலிக்கவில்லை. வெளிச்சம் போகுமுன் சூரியனும் முதல் மாங்காயும் முடிந்திருந்தன.

வியாழக்கிழமை இடது கைக்கு வழி பிடிபட்டது. கை பழகியதும் கண்ணுக்கு வேறு சில விஷயங்கள் தெரிந்தன. முனீரே பெரிய தையல்காரி இல்லை. ஓர் ஓரத்தில் தையல் நீளநீளமாய் ஓடியது, அவசரம். ஓரிடத்தில் சட்டென்று நின்று, பிறகு பொடிப்பொடியாய் மறுபடி தொடங்கியது. அடுப்பில் ஏதோ தீய்ந்திருக்கும், ஓடிப் போய் இறக்கி வைத்துவிட்டு நிதானமாக வந்து உட்கார்ந்திருப்பாள். நேரில் பார்த்தேயிராத அந்தப் பெண் எந்த நேரத்தில் களைத்தாள், எந்த நேரத்தில் உற்சாகமாக இருந்தாள் என்பது ஃபரங்கிஸுக்குத் தெரியத் தொடங்கியது. நீளத் தையலை நீளமாகவே போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டாள்.

அன்று லாலே பள்ளிக்குப் போகவில்லை. வேதியியல் புத்தகத்தோடு முதலில் தன் அறைவாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கூடத்தின் கதவருகே வந்தாள். பக்கத்தைத் திருப்பும் சத்தம் மட்டும் வெகுநேரமாகக் கேட்கவில்லை.

மூன்றாவது மாங்காயில் ஃபரங்கிஸ் ஊசியை நிறுத்திவிட்டாள். மற்ற மாங்காய்களின் வால் உள்பக்கம் பார்த்து வளைந்திருந்தது. இதனுடைய வால் வெளிப்பக்கம் திரும்பி, நடுவில் ஒரு குலுக்கல் குலுக்கி, கோணலாய் முடிந்திருந்தது. சுத்தமான தப்பு. நாளைக்கு யார் அந்த மூலையைப் புரட்டினாலும் ஃபரங்கிஸுக்கு மாங்காய் போட வராது என்றுதான் சொல்வார்கள். ஒரு மாங்காய்தானே, சரியாகப் போட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? சாக்கட்டியை எடுத்து வாலை உள்பக்கமாக வரையத் தொடங்கினாள்.

"அதை மாத்தாதீங்க."

லாலே எழுந்து நின்றிருந்தாள்.

"லாலே, இது தப்பும்மா. பாரு, மத்தது எல்லாம் இப்படி..."

"தெரியும். அந்தத் தப்பு நான்தான்."

"நீயா?"

"எனக்கு நாலு வயசு. அம்மா தைச்சிட்டிருக்கும்போது பின்னாலேருந்து போய்த் தோள்ல தொங்கினேனாம். கை இழுத்துட்டு இந்தப் பக்கம் போயிடுச்சாம். பிரிக்கச் சோம்பேறித்தனம், அப்படியே முடிச்சுட்டாங்க. ஒவ்வொரு குளிர்காலமும் சொல்வாங்க, இந்த மூலை உன்னோடது, இங்கதான் நீ உட்காரணும்னு."

ஃபரங்கிஸ் சாக்கட்டிக் கோட்டைப் புறங்கையால் துடைத்தாள். துடைத்த பிறகும் ஊசியை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தெரிந்தே ஒரு கோணலைத் தைக்கப் போகிறாள்.

லாலே அறைக்குள் போய் ஒரு பென்சிலை எடுத்துவந்தாள். அதில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. கழுவி, உலர்த்தி, இழையிழையாய் முடிச்சு நீக்கிச் சுற்றியிருந்தாள்.

"ஒரு மாங்காய்க்கு இது போதுமா?"

ஃபரங்கிஸ் நூலை இழுத்துப் பார்த்தாள். "பழைய நூல். அறுந்துடும். ரெட்டையா மடிச்சு மெழுகு தடவினா தாங்கும். அலமாரில மெழுகுவத்தி இருக்கு, எடு."

அந்த மூலையை முனீரேயின் நூலாலேயே தைத்தாள். லாலே எதிரில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்தாள். மாங்காயின் வால் கோணலாய்ப் போய்க் கோணலாய் முடிந்தபோது, லாலே விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

நாலாவது மாங்காயும் முடிந்து, கரையின் வேலை வந்தது. அது ஃபரங்கிஸின் சொந்த வேலை. அங்குஸ்தான் வலது கைக்குத் திரும்பியது. நிகார் வெட்டுத் துணி மூட்டையைத் தலைகீழாய்க் கொட்டினாள். ரஹ்மத்தின் பழைய காக்கிச் சட்டை, நிகாரின் முதல் வகுப்புச் சீருடை, திரை தைத்த மிச்சம், மெத்தை உறையின் மிச்சம். நடுவில் ஒரு நீலக்கோட்டுத் துணி கிடந்தது. ஃபரங்கிஸ் அதை எடுத்து மூட்டைக்குள் திரும்பப் போட்டாள்.

"அது யாரோடது?" என்றாள் லாலே.

"நிகாரோட அப்பா சட்டை."

லாலே அதை எடுத்து நிகாரின் பக்கத்துக்கு வரும் வரிசையில் வைத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தொலைபேசியின் பாவாடையை உருவிக்கொண்டு வந்தாள்.

"இதையும் வெட்டிடலாம்."

"ஐயோ, அது எதுக்கு?"

"இந்த வீட்டுக்கு வர்ற என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதைத் தூக்கிப் பார்த்துட்டுச் சிரிக்கறாங்க, ஃபரங்கிஸ் கானும். எட்டு மாசமா சொல்லணும்னு இருந்தேன்."

நிகார் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். ஃபரங்கிஸுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்று அடுக்குச் சுருக்கம், ஒவ்வொன்றும் கையால் வைத்தது. ஆனாலும் வெட்டினாள்.

பொழுது சாயும்போது எண்ணினார்கள், முப்பத்தொன்பது துண்டு இருந்தது. ஒன்றாவது வேறு வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது வழக்கம். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வரவா என்றாள் நிகார். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் லாலே. ஒரு துண்டு அகலத்துக்குக் காலியிடம் விட்டுவிட்டுக் கரையைத் தைத்து முடித்தார்கள். லாலேயின் பை மட்டும் வாசலருகே கட்டியது கட்டியபடி இருந்தது. ஃபரங்கிஸ் அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, கெஞ்சுவது அவளுக்கு வராது.

வெள்ளிக்கிழமை காலை ரஹ்மத் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்து சேர்ந்தார். வாசலில் பையைப் பார்த்தார்.

"யாரு கிளம்பறது? நானா?"

"பெரியம்மா வராங்க" என்றாள் லாலே. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

இஷ்ரத் பதினொன்றரைக்கு வந்தாள். ஒரு கையில் திராட்சைப்பாகு ஜாடி, மறு கையில் பூப்போட்ட துணியில் முடிந்த உலர்திராட்சை மூட்டை. நெடிய கருப்பு மேலங்கியைக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் கோர்சி போட்டிருந்தது. அதன்மேல் மாதுளை நிறப் போர்வை நாலு பக்கமும் தரை தொட்டுக் கிடந்தது. அவள் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து லாலேயின் மூலையைப் புரட்டினாள், மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இது பிரிக்கவே இல்லையே" என்றாள். "இந்த மாங்காய் அப்படியே இருக்கு. முனீரே கை எனக்குத் தெரியாதா? பக்கத்துல ஏதோ கரை சேர்த்திருக்காங்க, அவ்வளவுதான். ஏண்டி லாலே, என்னை எண்பது கிலோமீட்டர் வரவழைக்கப் பொய்யா சொன்னே?"

அவள் திறந்துவிட்ட அந்த வழிக்குள் ரஹ்மத் ஒரே பாய்ச்சலில் நுழைந்தார். "அதானே! சின்னப் பொண்ணு, துணி காயறதைப் பார்த்துட்டு ஏதோ பயந்துட்டா. இவங்க பிரிப்பாங்களா? உட்காருங்க, உட்காருங்க, தேநீர் ஆறுது."

லாலே ஃபரங்கிஸைப் பார்த்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னவள் என்ற பேரைத் தானே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். ஃபரங்கிஸ் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் அத்துடன் முடிந்துவிடும்.

ஆனால் அது அவளுடைய மூன்று நாள் வேலை.

"பிரிச்சேன், இஷ்ரத் கானும்" என்றாள். "அவ பொய் சொல்லல. முழுசாப் பிரிச்சேன். இதுல இருக்கற ஓட்டை எல்லாம் உங்க தங்கச்சியோடது. தையல் அத்தனையும் என்னோடது. அந்த ஒரு மாங்காய்க்கு மட்டும் நூலும் அவங்களோடது."

ரஹ்மத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முனீரே இடது கைக்காரி" என்றாள் இஷ்ரத் மெதுவாக.

"தெரியும். ரெண்டு நாளா நானும்தான்." இடது கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனி எல்லாம் ஊசிக்குத்து.

இஷ்ரத் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். சூரியனைப் பார்த்தாள், நீளத் தையல் ஓடும் ஓரத்தைப் பார்த்தாள், சட்டென்று நின்று பொடியாய்த் தொடங்கும் இடத்தில் விரல் வைத்து அப்படியே இருந்தாள். மேலங்கியின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கணும். தோணல. அது என் தப்பு." ஃபரங்கிஸ் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், "தையல்ல தப்பு இல்ல."

இஷ்ரத்தின் உதடு சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கியது. அப்போது லாலே எழுந்து உலர்திராட்சை மூட்டையை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள். பூப்போட்ட துணியை உதறி மடித்தாள்.

"பெரியம்மா, இது எனக்கு வேணும்."

"எதுக்குடி? துணி வைக்கவா? உன் பைதான் வாசல்ல நிக்குதே."

"நாற்பதாவது துண்டுக்கு. உங்களுக்குன்னு இடம் விட்டு வச்சிருக்கு, பாருங்க."

"என் நல்ல துணியை வெட்டப் போறியா?"

"ஓரமா ஒரு சாண்தான்."

லாலே வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிவந்தாள். கோணல் மாங்காய் இருந்த மூலையில் உட்கார்ந்து, போர்வைக்குள் காலை நீட்டினாள், பையைத் திறந்தாள். துணிகளுக்கு மேலாக வேதியியல் புத்தகம் இருந்தது. "நாளைக்கு எனக்குப் பரீட்சை" என்று யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னாள். நிகார் தன் பக்கத்திலிருந்து போர்வைக்கு அடியில் காலால் அவளை உதைத்தாள். அவள் திருப்பி உதைத்தாள்.

ஃபரங்கிஸ் துண்டை வெட்டிக் காலியிடத்தில் பொருத்தினாள். வலது கை நாலே நிமிஷத்தில் நாலு பக்கமும் ஓட்டி முடித்து நூலைக் கடித்தது. இஷ்ரத் மேலங்கியை முழுவதும் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தத் துண்டிலிருந்து தையலை ஆராயத் தொடங்கினாள்.

"கோணல் காட்டினா ஊசியைக் கீழ வச்சுடுவீங்களாமே, ரஹ்மத் சொல்லியிருக்கார்."

"தேடிப் பாருங்க."

இஷ்ரத் மண்டியிட்டுக் கரையைப் பிடித்தபடி ஒவ்வொரு துண்டாய் நகர்ந்தாள். காக்கியைப் பார்த்தாள், நீலக்கோட்டைப் பார்த்தாள், ரோஜா நிறப் பாவாடையைப் பார்த்தாள். இரண்டு பக்கம் முடிந்தது. ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் வெந்த வாசனை சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"சாப்பாடு ஆறுதும்மா" என்றார் ரஹ்மத்.

"ஆறட்டும்" என்றாள் ஃபரங்கிஸ். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. அவங்க நல்லாத் தேடட்டும்."